அடையாறில் கை நனைத்தேன்

பீங்கான் தட்டு நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர். எங்கள் பிழைப்பே எவர்சில்வர் பாத்திரக் கடைதான். விரலால் சுண்டினால் ணங்கென்று சத்தம் கொடுக்கிற தட்டில் சாப்பிட்டுப் பழகியவளுக்கு இந்த வெள்ளைத் தட்டைப் பிடிக்கவே பயமாக இருந்தது. கை நழுவினால் உடையும். உடைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பதைவிடப் பெரிய பயம் எனக்கு அப்போது எதுவும் கிடையாது.

அடையாறில் ஆற்றை ஒட்டி ஒரு பெரிய பங்களா. அதன் புல்தரையில் மரத்துக்கு மரம் சின்னச் சின்ன விளக்குகள். ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடை வரும். உடனே யாராவது ஒரு பெண்மணி கடந்து போவார், சென்ட் வாடை வரும். மேடையில் என் நாத்தனார் கோமதி பாடிக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு சாப்பாட்டு மேஜை முன்னால், விருந்தாளிகளுக்கு நடுவில் வரிசையில் நின்றேன்.

'அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது' என்பது என் மாமியாரின் உத்தரவு. சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போயிருந்தேன்.

அப்புறம் ஏன் அந்த வரிசையில் போய் நின்றேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல, முதலில் தி. நகருக்குப் போய்விட்டு வர வேண்டும்.

கீழே கடை, மேலே வீடு

பனகல் பார்க் பக்கம் ஒரு சந்தில் கடை. அதற்கு மேலே வீடு. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை போட்டவர்களிடம் அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. கடையில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு முதலாளி வீட்டில். மூன்று வேளையும் படியேறி வந்து, பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். எங்கள் அடுக்களையில் அடுப்பு ஆறியதே இல்லை.

கல்யாணமாகி வந்த சில நாட்களிலேயே அந்தக் கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. அத்தைக்கு, அதுதான் என் மாமியாருக்கு, முழங்கால் வலி. நான் அடுப்படிக்குள் போனேன். அத்தை நாற்காலிக்குப் போனாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அடுப்படியில் யாரோடும் பேச வேண்டியதில்லையே.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் வாசிப்பேன். கூட்டத்தில் வாய் திறக்க வராது. விருந்தாளிகள் வந்தால் காபியை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். "மருமக ஊமையோ?" என்று அத்தையிடமே கேட்டவர்கள் உண்டு. அதற்கும் நான் பதில் சொல்லாததால், ஆமாம் என்றே முடிவு செய்துகொண்டு போனார்கள்.

கோமதி என் வீட்டுக்காரருக்குக் கடைசித் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். என்னை மாதிரி இல்லை, வாய்க்காரி. துணி உலர்த்தும்போது மொட்டை மாடியில் நின்று பாடுவாள். அடுத்த வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

ஓர் ஆடி மாதம், வடபழனிப் பக்கம் ஒரு தெருவில் அம்மன் விழா. உறவுக்காரர் வீடு அங்கே இருந்ததால் போயிருந்தோம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு மெல்லிசைக் கச்சேரி வைத்திருந்தார்கள். உறவுக்காரர் மேடையேறிச் சொல்லிவைக்க, கோமதி ஒரு சாமி பாட்டுப் பாடினாள். அந்தக் குழுவை நடத்தியவர் அக்கார்டியன் வாசிப்பவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் கீழே இறங்கி வந்து, "பொண்ணை கோரஸுக்கு அனுப்புங்களேன்" என்று அத்தையிடம் கேட்டார். பாடியது அம்மன் பாட்டு; நின்றது அம்மன் சந்நிதி. முன்வரிசையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த அத்தைக்கு மறுக்க வாய் வரவில்லை.

கோரஸ் என்றால், முன்னால் ஒருவர் பாட, பின்னால் நிற்கும் பெண்கள் நடுநடுவே 'ஆ' என்பார்கள், 'ம்' என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கோமதி 'ஆ' சொன்னாள்.

ஸ்பீக்கருக்குப் பின்னால்

பாடப் போகிற பெண்ணோடு வீட்டிலிருந்து ஒரு பெண் துணைக்குப் போவது அப்போது வழக்கம். எங்கள் வீட்டில் அது நான். துணைக்கு வருகிறவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. மேடையின் ஓரத்தில், பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். அங்கே உட்கார்ந்தால் பாட்டு கேட்காது, அதிரும். வயிற்றுக்குள் டும் டும் என்று இடிக்கும். வார்த்தை ஒன்றும் புரியாது.

எனக்கு அது பழக்கம்தான். என் கல்யாணத்து நாதஸ்வரத்தையே தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டேன். வாசித்தவர் கறுப்பா சிவப்பா என்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஊரில் கோவில் கச்சேரி நடக்கும்போது ஆண்கள் முன்னால் உட்கார்வார்கள். பெண்கள் மதில் ஓரம். பாதிப் பாட்டு காற்றோடு போகும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மாஸ்டர் சொல்லி அனுப்பினார். அடையாறில் ஒரு பெரிய வீட்டில் இருபத்தைந்தாவது கல்யாண நாள் பார்ட்டி. கோமதிக்குத் தனிப் பாட்டு உண்டு.

மதுக்கடைகளைத் திறந்து, பிறகு மறுபடியும் மூடிய காலம் அது. மூடினாலும் பெரிய வீடுகளில் பர்மிட் என்று குடிக்க அனுமதிச் சீட்டு ஒன்று இருந்தது. பார்ட்டி என்ற சொல் அத்தைக்குத் தெரிந்திருந்தது.

"பார்ட்டின்னா குடிப்பாகல்லா?" என்றாள்.

"குடிக்கிறவுக குடிச்சிட்டுப் போறாக. நான் பாடிட்டு வந்துருதேன்" என்றாள் கோமதி.

"கவுச்சியும் இருக்கும்."

"இருக்கட்டுமே. நான் என்ன அதைப் பாத்துக்கிட்டா பாடப் போறேன்?"

என் வீட்டுக்காரர் கடைச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "ஒரு தடவை போகட்டும்மா. முடியற நேரத்துக்கு நானே போய்க் கூட்டிட்டு வாரேன். போய்ப் பாத்தா தெரிஞ்சிரும், மதிப்பான எடமா இல்லையான்னு. மதிப்பில்லேன்னா அன்னையோட பாட்டுக்கு ஒரு கும்பிடு."

கோமதி என்னைப் பார்த்தாள். அவள் பாட்டு அந்த ஒரு சாயங்காலத்தில் தொங்கியது.

கிளம்புகிற அன்றைக்கு அத்தை புளியோதரையைத் தூக்குச்சட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "ஏளா வடிவு, அங்க பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது, கேட்டியா? குடிகாரன் வீட்டுல கை நனைச்சான்னு ஒரு பேச்சு வந்துட்டா, பெறவு எவன் இவளைப் பொண்ணு கேட்டு வருவான்?"

தலையாட்டினேன்.

சாப்பாட்டு நேரத்துப் பாட்டு

பங்களாவில் டை கட்டிய மேனேஜர் ஒருவர் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். வராந்தாவில் ஒரு பக்கம் ஆண்கள் கூட்டம்; கையில் கண்ணாடித் தம்ளர், அதில் தேநீர் நிறத்தில் ஏதோ ஒன்று. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆரஞ்சு நிறத்தில் வேறொன்று. மேடைக்கு முன்னால் நாற்காலிகள் நிறைய. எல்லாவற்றிலும் ஆட்கள். பெரிய பாட்டுக்காரம்மா பாடினார். கைதட்டினார்கள். கோமதி பின்னால் நின்று 'ஆ' சொன்னாள். நான் ஸ்டூலில் அதிர்ந்துகொண்டிருந்தேன்.

பிறகு பெரிய பாட்டுக்காரம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கிவிட்டார். கோமதி மைக் முன்னால் வந்தாள். அதே நேரம் மேனேஜர் மேடையேறி, டின்னர் ரெடி என்று அறிவித்தார்.

தொழுவத்தைத் திறந்துவிட்ட மாதிரி எல்லோரும் எழுந்து போனார்கள். ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை.

பாங்கோ மேளம் வாசிக்கும் கஜா தலையில் அடித்துக்கொண்டான். "இன்னாம்மா கோமதி, ஒன் டைம் பாத்து சோத்தாண்ட வுட்டுட்டானுங்களே!"

கோமதி மாஸ்டரிடம் குனிந்து கேட்டாள். "அவங்க சாப்பிட்டு வந்த பெறகு பாடட்டுமா மாஸ்டர்?"

"சாப்பிடறப்போ பாட்டு ஓடிக்கிட்டிருக்கணும்னு கேட்டிருக்காங்கம்மா. பெரியம்மா சாப்பாட்டு நேரத்துல பாட மாட்டாங்க. விருந்தாளிங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நீதான். எல்லாம் உன் பாட்டுதான், பாடு."

தனிப் பாட்டு என்றால் இதுதான் என்று அப்போது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

முதல் பாட்டைத் தொடங்கினாள். எதிரே காலி நாற்காலிகள். அதற்கு அப்பால் வரிசையாக முதுகுகள். ஜிப்பா முதுகு, சஃபாரி முதுகு, நைலக்ஸ் புடவை முதுகு. ஒரு முகம் இல்லை. பாடப் பாட அவள் என்ன செய்தாள் தெரியுமா? அங்கே இருந்த ஒரே முகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். என் முகம். நானோ ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்தேன். அவள் திரும்பியதும் குரல் மைக்கை விட்டு விலகி, ஒன்றுமில்லாமல் போயிற்று.

"மைக்கப் பாத்துப் பாடும்மா!" என்று கஜா வாசித்துக்கொண்டே கண்ணை உருட்டினான். அவள் திரும்புவாள், முதுகுகளைப் பார்ப்பாள், மறுபடி என் பக்கம் வந்துவிடுவாள்.

என் வீட்டுக்காரர் எந்த நேரமும் வரலாம். வந்து இதைப் பார்த்தால் அவ்வளவுதான்.

தூக்குச்சட்டியை ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தேன். முன்வரிசைக்குப் போய் நடு நாற்காலியில் உட்காரப் போனேன். மேனேஜர் வந்துவிட்டார்.

"யாரும்மா நீங்க? ட்ரூப்போட வந்தவங்களா?"

தலையாட்டினேன்.

"அங்கயே இருங்கம்மா. இது கெஸ்ட்டுக்குப் போட்ட சேர். உங்களுக்கெல்லாம் அப்புறம் கிச்சன் பக்கம் தனியாக் குடுப்பாங்க."

நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தானே கிடக்கின்றன என்று சொல்ல நினைத்தேன். திரும்பிப் போனேன்.

ஆனால் ஸ்டூலுக்குப் போகவில்லை. பாதி வழியில் நின்று பார்த்தேன். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒருவர் தட்டோடு வந்தார். மேனேஜர் அவருக்கு வழிவிட்டார். இன்னொருவர் வந்தார். அவருக்கும் வழி. யாரையும் நீ யார் என்று கேட்கவில்லை. அந்தத் தோட்டத்தில் கையில் தட்டு இருந்தால் விருந்தாளி. இல்லாவிட்டால் கிச்சன் பக்கம்.

நான் மேஜையைப் பார்த்து நடந்தேன்.

கூப்பிட ஆளில்லாத விருந்து

இப்போது எல்லாக் கல்யாணத்திலும் பஃபே என்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அந்தப் பெயரும் தெரியாது. எங்கள் பக்கத்தில் பகைவீட்டுக்காரன் வந்தாலும் வாசலில் நின்று "சாப்பிட வாங்க" என்று சொல்ல வேண்டும். வந்தவர் "இருக்கட்டும், இப்பத்தான் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் இலைக்கு வருவார். இங்கே கூப்பிட ஆளில்லை. பரிமாறவும் ஆளில்லை. அவரவர் எடுத்து அவரவர் போட்டுக்கொண்டு, நின்றபடியே தின்றார்கள்.

எனக்கு முன்னால் பட்டுக்கரை வேட்டிக்காரர் ஒருவர் நின்றார். கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் குருமாவுக்கு வந்திருந்தார். வலது கை எச்சில். இடது கையால் கரண்டியைத் தொட மனம் வரவில்லை. இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் சம்சாரத்தைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இங்கே விழிப்பவள் நான் மட்டும் இல்லை.

புலாவ் ஒரு கரண்டி. ஒரு தயிர்வடை. அப்புறம் கட்லெட். அது இரண்டு தாம்பாளங்களில் இருந்தது. இதிலும் முட்டை வடிவம், அதிலும் முட்டை வடிவம். இரண்டும் ஒரே சிவப்பு. முன்னால் சின்ன அட்டைகளில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. பக்கத்தில் நின்றவரைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரிந்தவளாக இருந்தால் நான் ஏன் ஸ்பீக்கருக்குப் பின்னால் அவ்வளவு நாள் உட்கார்ந்திருக்கிறேன்? கைக்கு அருகில் இருந்த தாம்பாளத்திலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

தட்டோடு திரும்பினேன். எதிரே மேனேஜர். அதே டை, அதே முகம்.

"ஐஸ்க்ரீம் அந்தக் கடைசில இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்வரிசை

நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். கோமதி என்னைப் பார்த்தாள். அடுத்த பாட்டின் நடுவில் இருந்தாள். என் மடியில் இருந்த தட்டைப் பார்த்து அவள் கண் விரிந்தது. பிறகு நேராகத் திரும்பினாள். குரல் மைக்குக்குள் போயிற்று.

அன்றைக்குத்தான் கோமதி பாடுவதை முதன்முதலாக முன்னால் உட்கார்ந்து கேட்டேன். மொட்டை மாடியில் கேட்ட அதே குரல்தான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் சின்னதாக ஒரு மூச்சு எடுப்பாள் என்பது எனக்குத் தெரியாது. மேலே போகும்போது இடது கை புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும், கீழே இறங்கும்போது விரல் ஒவ்வொன்றாகப் பிரிவதும் தெரியாது. வார்த்தைகள் தனித்தனியாக, துடைத்து வைத்த மாதிரி வந்தன. பாட்டு என்றால் இப்படித்தான் கேட்குமா என்று இருந்தது. இத்தனை நாளும் இதை எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்களே என்று கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வரும். அதனால் சாப்பிட்டேன். கட்லெட்டைப் பிட்டு வாயில் போட்டேன்.

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் தட்டோடு வந்தார். வைரத்தோடு போட்ட மாமி. "இங்க யாராவது வராளா? உக்காந்துக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"நன்னா பாடறதே இந்தப் பொண்ணு. யாராத்துப் பொண்ணு, தெரியுமோ?"

என் வாயிலிருந்து சத்தம் வந்தது. "எங்க வீட்டுப் பொண்ணு."

"அடி சக்கை! அதான் எல்லாரும் சோத்துக்குப் பறக்கறச்சே நீங்க இங்க வந்து உக்காந்துண்டிருக்கேளா?" என்று சிரித்தார். பிறகு என் தட்டைப் பார்த்தார். "கட்லெட் எடுத்துண்டுட்டேளே, எது வெஜிடபிள்னு கேட்டுண்டேளோ? நேக்குப் பயம்டியம்மா, தொடவே இல்லை. ரெண்டும் ஒண்ணாட்டமா இருக்கு."

பாதி கட்லெட் என் வயிற்றில் இருந்தது. பாதி தட்டில் இருந்தது.

எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை விழுந்த பலகாரம்கூட வாசலுக்குள் வராது. எழுந்து ஓடி வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்தேன். கோமதி என்னையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தால் அவள் கண்ணுக்கு அங்கே முகம் கிடையாது. மாமி உட்கார்ந்தே இருப்பார் என்று நம்ப முடியாது. ஐஸ்க்ரீம் பக்கம் இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

உட்கார்ந்திருந்தேன். மீதிப் பாதியையும் தின்றேன்.

அது காய்கறியா மற்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றாக இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் சிலர் தட்டுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். நிறையப் பேர் என்று சொன்னால் பொய். தம்ளர் வைத்த தட்டோடு ஒருவர் வந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். ஆரஞ்சு நிறமாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. மாமி கைதட்டினார். எனக்குப் பின்னால் ஒரு கனவான், தள்ளாடிக்கொண்டே எழுந்து, "சபாஷ்! சபாஷ்!" என்று தம்ளரை உயர்த்தினார்.

அப்போதுதான் வாசல் பக்கம் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, என் வீட்டுக்காரர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? மடியில் தட்டு, கையில் தம்ளர், முன்வரிசையில் அவருடைய பெண்டாட்டி.

"என்னத்தத் தின்ன?"

டாக்சியில் அவர் முன்னால் உட்கார்ந்தார். பனகல் பார்க் திரும்பும்போதுதான் பேசினார். "கோமதி, இதோட பாட்டை நிறுத்திக்கோ."

கோமதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் புறங்கையில் கிள்ளினாள். அங்கே தின்றதை அத்தையிடம் சொல்லிவிடாதே என்று அர்த்தம்.

படியேறியதும் அத்தை தூக்குச்சட்டியை வாங்கினாள். கனம் குறையவில்லை. திறக்காமலே கேட்டாள்.

"அங்க கை நனைச்சியா?"

"நனைச்சேன் அத்தை."

"என்னத்தத் தின்ன?"

"புலாவு. தயிர்வடை. கட்லெட்டு."

"கட்லெட்டுன்னா?"

"உள்ள வச்சு வறுக்கிறது."

"உள்ள என்னத்த வச்சு?"

"தெரியாது அத்தை. ரெண்டு தாம்பாளம் இருந்துச்சு. ஒண்ணு காய், ஒண்ணு மத்தது. நான் எதுல எடுத்தேன்னு எனக்குத் தெரியாது."

ஒரு பொய்யில் முடிந்திருக்கும் விஷயம். எனக்கு அன்றைக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. தின்றதை இல்லை என்றால், அங்கே உட்கார்ந்ததும் இல்லை என்றாகிவிடும். அந்தப் பாட்டைக் கேட்டதும் இல்லை என்றாகிவிடும்.

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அடுக்களை வாசப்படியை மிதிக்காதே. தலை முழுகு. வடபழனிக்குப் போய் சாமி கால்ல விழுந்துட்டு வா. பெறவு பாப்போம்."

ஓய்வு

மறுநாள் நான் தலை முழுகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அத்தை எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வேண்டுமென்றுதான் செய்தேனா என்று கேட்டால், முதல் நாள் சும்மா இருந்தேன். இரண்டாம் நாள் வேண்டுமென்று இருந்தேன். மேலுக்குக் குளித்தேன். தலையில் ஒரு சொட்டு விடவில்லை. முன்னறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். காலை பத்து மணிக்கு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. சுகமாக இருந்தது.

அடுக்களையில் அத்தையும் கோமதியும். அத்தைக்கு முழங்கால், கோமதிக்குச் சமையல் வராது. கீழே கடையாட்கள் படியேறி வந்து சாப்பிட்டார்கள். பாதியில் எழுந்து போனார்கள். வாரம் நடுவில் மூத்த விற்பனையாளர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது முன்னறை வரை கேட்டது. "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. ரசம்னு சொல்லிட்டு வெந்நியை ஊத்துதாக."

எனக்குச் சாப்பாடு தட்டில் வந்தது. அத்தை தரையில் வைத்துவிட்டுப் போவாள். உப்பே இல்லாவிட்டாலும் சாப்பிட்டேன்.

அப்போது ஒருநாள் கஜா வந்தான். முன்னறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றான்.

"இன்னாம்மா, கோமதி வருதா இல்லியா? ஞாயித்துக்கெயம கே.கே. நகர்ல ரிசப்ஷன் கீது. மாஸ்டர் கேட்டுகினு வரச் சொன்னாரு. இந்தத் தபா சோத்து நேரம்லாம் இல்ல. மொத பாட்டே கோமதிதான். அன்னிக்கு ஷோக்கா பாடிச்சில்ல."

அடுக்களையிலிருந்து அத்தை கத்தினாள். "வராதுன்னு சொல்லு!"

"வரும்னு சொல்லுங்க" என்றேன்.

கஜா குனிந்தான். "இன்னா சொன்னீங்க?"

நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை, பலமாகச் சொன்னேன். "கோமதி வரும். மாஸ்டர்ட்ட சொல்லுங்க."

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

அத்தை கரண்டியோடு வந்து நின்றாள். "யாரைக் கேட்டுச் சொன்ன?"

"துணைக்கு நான் போறேன் அத்தை."

"தலை முழுகாதவ துணையா? நல்லா இருக்கே!"

"தலை முழுகினா வயித்துக்குள்ள போனது வெளிய வந்துருமா? எதுவா இருந்தாலும் இந்நேரம் ரத்தத்துல சேந்திருக்கும். அதோடதான் இருக்கேன். ஒண்ணும் ஆகலியே."

அத்தை கரண்டியோடு அடுக்களைக்குத் திரும்பினாள். எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் மேலே வந்தார். என் எதிரில் உட்கார்ந்தார். கோபமாக வந்தவர் மாதிரி இல்லை. பசியோடு வந்தவர் மாதிரி இருந்தார்.

"நாளைக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டு அடுக்களைக்குப் போ வடிவு. அம்மாவால முடியல."

"போறேன். கோமதி ஞாயித்துக்கிழமை பாடப் போவா."

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டையும் ஒரே நாள்ல நீங்களும் அத்தையுந்தான் நிறுத்துனீக."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அங்க மதிப்பில்லேன்னு கண்ணால பாத்தேனே."

"நீங்க பாத்தது என்னைய. நான் தட்டோட உக்காந்திருந்ததைப் பாத்தீக. அவ பாடுனதைக் கேட்டீகளா?"

கீழே கடைக் கதவை இறக்குகிற சத்தம் கேட்டது. அவர் சாவியைக் கையில் உருட்டினார்.

"வாசல்ல நின்னு கேட்டேன்" என்றார்.

எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப் போணும்?" என்று கேட்டார்.

அடுக்களைக்குள் ஒரு கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. கோமதிதான்.

மறுநாள் காலையில் முகம் கழுவி, தலையைச் சீவிப் பின்னிக்கொண்டு அடுக்களை வாசலுக்குப் போனேன். அத்தை நிலைப்படியில் நின்றாள். என் தலைமுடியைப் பார்த்தாள்.

"தலை காஞ்சிருக்கே."

"ஆமா அத்தை."

அவள் நகரவில்லை. நானும் நகரவில்லை. நான் குனிந்துகொள்வேன் என்று நினைத்திருப்பாள். எனக்கும் குனிய வேண்டும் போலத்தான் இருந்தது. குனியவில்லை. மாடிப்படியில் கடையாட்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அத்தை ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கினாள்.

காய்ந்த தலையோடு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அன்றைக்குச் சமைத்ததை எல்லோரும் சாப்பிட்டார்கள். அத்தையும் சாப்பிட்டாள்.